வேப்பூர் வரைக்கும்

நான் இன்றுவரை குஜராத்துக்குப் போனதில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது யாராவது வழி கேட்டிருந்தால் தடுமாறாமல் சொல்லியிருப்பேன். விருத்தாசலத்தில் சேலம் ரோட்டைப் பிடிக்க வேண்டும். வேப்பூர், சின்னசேலம், சேலம். பிறகு பெங்களூர், ஹூப்ளி, புனே, பம்பாய், சூரத். அதற்கும் மேலே போனால் அப்பா.

அப்பா முதலில் விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். குஜராத்தில் ஓடு கம்பெனிகளுக்குச் சூளை தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொல்லக் கேட்டுக் கிளம்பிப் போனார். அவர் போனபின் அதே கம்பெனியில் அம்மா வேலைக்குச் சேர்ந்தாள். அச்சிலிருந்து எடுத்த ஃப்யூஸ் கட்டைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பிசிறு எடுக்கும் வேலை. என் பள்ளிக்கூடமும் டவுனில்தான். அதனால் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் காலையில் ஒரே பஸ்ஸில் போய், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

அந்த பஸ்ஸில் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். வெளியே பார்க்க முடியாது. எங்கே திரும்பினாலும் யாருடைய கூடையாவது, யாருடைய முதுகாவது தெரியும். அப்போதுதான் ஊர்களைச் சொல்ல ஆரம்பிப்பாள். பெங்களூரில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். புனேவுக்கு அப்புறம் மலையைக் குடைந்து ரோடு போட்டிருக்கிறார்கள். பம்பாயில் ஒரு நாள் தங்கிக் கடலைப் பார்ப்போம். அவளும் இதில் எதையும் கண்டதில்லை. கம்பெனிக்குச் சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவர் மாமா சொல்லித் தெரிந்துகொண்டவைதான்.

அந்த மாமா சேத்தியாத்தோப்புக்காரர். மாதம் ஒரு தடவை வடக்கே போய்வருவார். அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்பாவிடமிருந்து எதிர்வீட்டுக்கு வந்துகொண்டிருந்த போன் வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, நின்றே போனபோது அம்மா அவரிடம் சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்தவர், "பாத்தேன்மா, நல்லாத்தான் இருக்காரு" என்றார். அம்மா, "எங்களக் கேட்டாராண்ணே?" என்றாள். அவர் லாரிச் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே, "கேட்டாரு, கேட்டாரு" என்றார்.

முழுப்பரீட்சை லீவில் போவது என்று அம்மா முடிவெடுத்தாள். முதலில் மாமா மறுத்தார். பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் லாரியில் எப்படி என்றார். அம்மா விடவில்லை. கடைசியில் தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்குப் பரீட்சை ஒரு பொருட்டாகவே இல்லை.

கிளம்பும் நாளில் அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். தூக்கு நிறையப் புளிசோறு, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு டப்பா முறுக்கு. லாரியில் மாமாவுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து நான் ரோட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் பஸ் போலவே ஒரு டவுன் பஸ் எதிரே நெரிசலோடு வந்தபோது அதற்குள் நிற்பவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். ஜன்னல் காற்றில் அவள் தலைமயிர் கலைந்து முகத்தில் விழ, ஒதுக்கிவிடாமல் அப்படியே விட்டிருந்தாள். மாமா மட்டும் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

வேப்பூர் கூட்டுரோட்டில் டீ குடிக்க நிறுத்தினார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவை லாரியின் முன்பக்கம் கூட்டிப்போனார். நான் மேலே ஜன்னலோரம் இருந்ததால் அவர் பேசியது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"அங்க வந்து நீ நிக்க வேணாம் தங்கச்சி. போன வாட்டியே சொல்லியிருக்கணும், வாய் வரல. அவருக்கு அங்க வூடு இருக்குது. கொழந்தையும் இருக்குது."

எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா எங்களுக்காக வீடு பார்த்து வைத்திருக்கிறார். விளையாட ஒரு குழந்தைகூட இருக்கிறது. இதைச் சொல்ல ஏன் இந்த மனுஷர் துண்டால் முகத்தைத் துடைக்கிறார் என்றுதான் விளங்கவில்லை.

அம்மா டீயைக் கடைசிவரை குடித்தாள். கிளாஸைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தாள். லாரியருகே வந்து, "எறங்கு" என்றாள்.

நான் இறங்க மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாமாதான் தூக்கி இறக்கிவிட்டார். "நானே பஸ்ஸு ஏத்திவுட்டுட்டுப் போறம்மா" என்றார். "நீங்க கெளம்புங்கண்ணே, சரக்கு லேட்டாவும்" என்றாள் அம்மா. லாரி சின்னசேலம் பக்கமாகப் போய் மறைந்தது. நாங்கள் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றோம்.

வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். அவளோ விருத்தாசலத்தில் இறங்கி நேராகக் கம்பெனிக்குப் போனாள். பச்சைப் புடவையோடு பலகையில் உட்கார்ந்து ஸ்பாஞ்சை நனைத்தாள். "ஊருக்குப் போவலியாடி?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "லாரி ரிப்பேராப் போச்சுக்கா" என்றாள். மத்தியானம் புளிசோற்றையும் முறுக்கையும் அவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தாள். கோபத்தில் நான் தொடவில்லை. அவளும் சாப்பிடவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில் வழக்கம்போல நின்றுகொண்டு வந்தோம். அம்மா எந்த ஊரையும் சொல்லவில்லை. நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அப்பாவுக்குத்தான் அங்க வூடு இருக்குதுல்ல. நம்ம ஏம்மா போவல?"

அம்மா கம்பியை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அது சின்ன வூடும்மா. நம்ம ரெண்டு பேருக்கும் அதுல எடம் கொள்ளாது."

"நான் ஓரமாப் படுத்துக்கறம்மா" என்றேன்.

அவள் என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த, யாரென்று தெரியாத ஒரு பெண் சட்டென்று எழுந்து, "நீ ஒக்காரும்மா" என்று அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். அந்த அம்மாள் ஏன் எழுந்தாள், ஊர் இன்னும் வரவில்லையே என்று யோசித்தேன். சின்ன வீடு என்றால் சின்னதாக இருக்கும் வீடு என்றுதான் எனக்குத் தெரியும். குழந்தையை நடுவில் விட்டு, அப்பாவைச் சுவரோரம் தள்ளி, அம்மாவும் நானும் ஒருக்களித்துப் படுத்தால் எல்லோருக்கும் இடம் கொள்ளுமா என்று, கருவேப்பிலங்குறிச்சி வரும்வரை மனதுக்குள் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.