குளவிக்காக நின்ற தறி

ஆரணியில் தறி சாவுக்கு நிற்கும், அமாவாசைக்கு நிற்கும், மழைக்காலத்தில், நெய்கிறவர் காலை இறக்கும் குழிக்குள் தண்ணீர் ஊறினால் நிற்கும். ஒரு பூச்சிக்காக நின்றது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் நின்றது. அதற்குப் பாதிக் காரணம் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு தறி, சித்தப்பாவுக்கு ஒரு தறி. வேலூரிலிருந்து மாமா ஒரு பெட்டி கேமராவோடு வந்து, குடும்பத்தையே வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். கடைசியில் ஃபிலிமில் மூன்று படம் மிச்சம் இருந்தது. அழுது புரண்டு, ஒரு வேளை சோறு தின்னாமல் கிடந்து, அந்த மூன்றையும் நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை வரும்போது கழுவ எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டு மாமா கேமராவை என்னிடமே விட்டுப்போனார்.

எனக்கு ஒரு சபதம் இருந்தது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள் இல்லையா? அது பொய் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லிவிட்டாள். சித்தப்பாவின் தறிக்கம்பத்தில் அப்போதுதான் ஒரு குளவி மண் உருட்டி வந்து கூடு கட்டத் தொடங்கியிருந்தது. புழு உள்ளே போவதைப் படம் எடுப்பேன், குளவி வெளியே வருவதைப் படம் எடுப்பேன், அவள் மூஞ்சியில் கொண்டுபோய்க் காட்டுவேன் என்று இருந்தேன்.

ஆனால் என்னைவிட அந்தக் கூட்டின்மேல் கண்ணாக இருந்தவள் சித்தி. கல்யாணமாகி ஏழு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதுவும் அவள் புருஷன் உட்கார்ந்து நெய்கிற தறியிலேயே கட்டுகிறது. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு குளவி வந்த அன்று, மூக்கு இடிக்கிற அளவு கிட்டே போய் முதல் படத்தை எடுத்தேன். கூட்டின் வாயை அது மண்ணால் பூசி அடைத்தபோது இரண்டாவது. மறுநாள் சித்தப்பா தறிக்குழியில் இறங்கி, இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்க அடிக்க, கம்பம் அதிர்ந்து கூட்டில் மயிர்போல ஒரு விரிசல் விட்டது. சித்தி ஓடிவந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது தொறக்கற வரைக்கும் தறியத் தொடாதீங்க."

"குளவிக்கோசரம் தறிய நிறுத்துவாங்களா? இன்னா பேஜாரா கீது!" என்று சித்தப்பா கத்தினார்.

நானும் ஓடிப்போய்ப் பலகையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா என்னைப் பார்த்தார், சித்தியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருவில் வேறொருவர் தறியில் நெய்யப் போய்விட்டார்.

பதினெட்டு நாள். நான் பள்ளிக்கூடம் போனால் சித்தி காவல், அவள் சமையலுக்குப் போனால் நான் காவல். பல்லி வந்தால் விளக்குமாற்றால் விரட்டுவோம். விரிசலில் அவள் ஈரமண் தொட்டு விரல் நுனியால் பூசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஜல்தி வாடி, வந்துகினு கீது!" என்று கூவினாள். மண்ணில் சின்ன ஓட்டை, அதில் ஒரு தலை. ஜன்னல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சித்தி எனக்கு இடம் விட்டுக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள், நான் கடைசிப் படத்தை அமுக்கினேன். குளவி பறந்தது. சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஜெயித்துவிட்டேனே! கூடு காலியான பிறகும் சித்தி அதைக் கலைக்கவோ தறியைத் தொடவோ யாரையும் விடவில்லை.

அடுத்த மாதம் அம்மா விடியற்காலையில் வாந்தி எடுத்தாள். எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்றார்கள். குளவி சொன்னது பலித்துவிட்டதே என்று தெருவே பேசியது. நான் மூச்சிரைக்க ஓடி முதலில் சித்தியிடம்தான் சொன்னேன்.

"நாம காவ காத்தது வீண் போவல சித்தி! நம்ம அம்மாவுக்குப் பாப்பா பொறக்கப் போவுது!"

"ஆமாண்டி கண்ணு" என்றாள். ஓட்டையான கூட்டைக் கரண்டியால் சுரண்டிவிட்டுக் கம்பத்தைத் துடைத்தாள். அன்று மதியமே சித்தப்பா தறியில் இறங்கினார்.

மாமா படங்களைக் கழுவிக் கொண்டுவந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. மூன்றிலும் குளவி இல்லை, ஏதோ மசமசவென்று ஒரு கறைதான் இருந்தது. அந்தக் கேமராவில் கிட்டே இருப்பது விழாது, ஆறேழு அடி தள்ளி இருந்தால்தான் விழும் என்று மாமா சிரித்தார். கடைசிப் படத்தில் மட்டும் கறைக்குப் பின்னால் தள்ளி நின்ற சித்தி அச்சடித்தாற்போல விழுந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, கூட்டையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

ஆத்திரத்தோடு அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன். "பாரு சித்தி, குளவி விழவே இல்ல. நீதான் விழுந்துகீறே."

வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்து, "கிழிச்சிப் போட்டுடுடி" என்றாள்.

முகம் நன்றாக விழவில்லை என்றுதான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான்தான் பிடித்தால் விடாதவள் ஆயிற்றே. "நல்லாத்தான் கீது சித்தி, எவ்ளோ சந்தோசமா கீறே பாரேன்" என்று அன்று முழுக்க அவள் பின்னாலேயே போய்ப் படத்தைக் காட்டிக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தேன்.