சுக்குவின் முட்டிக்கு ஒரு ரிப் உறை

மங்கலம் சாலையிலுள்ள பனியன் கம்பெனி ஒன்றில் கோமளா ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறாள். பிள்ளைகள் இல்லாத அவள் வீட்டில், அவளுக்கும் விசைத்தறிக்குப் போகும் கணவன் மாரப்பனுக்கும் நடுவே வளையவருவது சுக்கு என்கிற பொமரேனியன் நாய். மடிக்குள் அடங்கும் உடம்பு. தெருவையே அதட்டும் குரல்.

அந்தச் சுக்கு, சித்திரை பிறந்ததிலிருந்து விநோதமாக நடக்கலாயிற்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது பின்னங்காலைச் சட்டென்று தூக்கிக்கொள்ளும். மூன்று காலில் நொண்டும். பிறகு காலைப் பின்னுக்கு ஓர் உதறு உதறிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ஓடும்.

"நடிக்குது புள்ள. எல்லாம் பிஸ்கோத்துக்குத்தான்" என்றான் மாரப்பன்.

அவிநாசியில் கால்நடை மருத்துவர் இந்துமதி முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு வேறு சொன்னார். முட்டிச் சில்லு தன் பள்ளத்தில் நில்லாமல் உட்பக்கமாக வழுக்குகிறது, உதறும்போது திரும்பிவிடுகிறது, சிறிய ஜாதி நாய்களுக்குப் பெரும்பாலும் பிறப்போடு வரும் குறை.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாங்கக்கா. எடையைக் குறைங்க. கட்டில்ல இருந்து குதிக்க விடாதீங்க. டைல்ஸ் தரையில வழுக்காத விரிப்பு போடுங்க. தினமும் மெதுவா நடத்துங்க, தொடை பலப்பட்டா சில்லைப் புடிச்சுக்கும். காலை ஊணவே மாட்டேங்குதுன்னா மட்டும் உடனே கொண்டாங்க."

கோமளாவுக்கு இது போதவில்லை. பெடல் மிதித்து மிதித்து அவளுக்கே முட்டிவலி உண்டு. பனியன் கழுத்துப்பட்டைக்கு வெட்டி மிஞ்சிய, இழுத்தால் நீளும் வரிவரியான ரிப் துணியில் இறுக்கமாக உறை தைத்துப் போட்ட பிறகு இதமாக இருந்தது. தனக்கு ஆனது சுக்குவுக்கு ஆகாதா? மருத்துவரைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று, கேளாமலே இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில், இன்னும் சாயப்பட்டறையைக் காணாத கோரா ரிப் துண்டொன்றை எடுத்து, குழல்போல் வளைத்து, பிரியாதிருக்க மெஷினில் இரண்டு தையல் ஓட்டினாள். தைத்த துணிகளை மடித்து அடுக்கும் பழனாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, அடுத்த ஆர்டர் நாய்க்குத்தானுங்களா? சைஸுக்கு ஒண்ணா சாம்பிள் அனுப்பீரலாமா?"

"வாய மூடிட்டு பீஸ மடி."

ஞாயிற்றுக்கிழமை காலை உறையை மாட்டினாள். அளவு கச்சிதம். சுக்கு முற்றத்தை ஒரு சுற்று நொண்டாமல் நடந்ததும் அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. வாசல் கழுவிய தண்ணீரில் அது புரண்டு நனைந்ததைக் கண்டும், வெயிலில் காய்ந்துவிடும் என்று அரைநாள் வேலைக்குக் கிளம்பினாள். இரவுத் தறி முடித்து வந்த மாரப்பன் படுத்தவன் எழவில்லை.

மதியம் அவள் கதவைத் திறந்தபோது குரைப்புச் சத்தம் இல்லை. கட்டிலுக்கடியில் சுக்கு சுருண்டு கிடந்தது. உறை ரோமத்துக்குள் புதைந்திருந்தது. அதற்குக் கீழே பாதம் வீங்கி, தொட்டால் சில்லிட்டிருந்தது.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. கோரா ரிப். முதல் நனைவில் சுருங்காத கோரா உண்டா? நனைத்துப் பார்க்காத துணியை யாரேனும் வெட்டிவிட்டால், கம்பெனி அதிரச் சத்தம் போடுகிறவளே அவள்தான்.

"ஏனுங்க! எந்திரிங்க! தலையப் புடிங்க!"

நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்தாள். துணிக்கும் தோலுக்கும் நடுவே அதன் முனை நுழையவில்லை. அழுத்தினால் சதை கிழியும். வெளியே துருத்திய தையலைத்தான் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டியிருந்தது. பிரியாதிருக்க அவளே போட்ட இரட்டைத் தையல். சுக்கு திமிறித் திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்வியது.

"ரத்தம் வருது புள்ள, உட்டுரு!"

"கைய எடுத்தீங்கன்னா பாத்துக்கங்க. புடிங்க!"

கடைசித் தையல் அறுந்து துணி விலகியது. தோலில் ரிப்பின் வரிகள் அச்சடித்தாற்போல் பதிந்திருந்தன. அவள் அதைத் தொட்டும் சுக்கு காலை இழுக்கவில்லை.

மாரப்பன் வண்டியை ஓட்ட, கோமளா பின்னால் அமர்ந்து அந்தப் பாதத்தை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றியபடி இருந்தாள். திருமுருகன்பூண்டியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. ஒலிப்பானை அழுத்திய கையை மாரப்பன் எடுக்கவேயில்லை.

"என்னத்தக்கா கட்டுனீங்க?" என்றார் இந்துமதி, மேசையில் கிடத்திய சுக்குவின் காலைப் பார்த்து.

"ரிப்புங்க. கோரா. நனைஞ்சு சுருங்கிருச்சுங்க. நான்தானுங்க தச்சேன்."

இந்துமதி இடுக்கியால் விரல் நுனியைக் கிள்ளினார். அசைவில்லை. அடுத்த விரலையும் கிள்ளினார். அதுவும் அசையவில்லை. வெதுவெதுப்பான துணியைச் சுற்றி, பொறுமையாக நீவிவிட்டார். கோமளா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். மறுபடி இடுக்கி பட்டபோது, கால் வெடுக்கென்று உள்ளே போயிற்று, சுக்கு உறுமியது.

"வலிக்குது. வலிச்சா நல்லதுங்கக்கா, கால் பொழச்சுக்கும்" என்றார் இந்துமதி. "வெளிய எத்தன இறுக்குனாலும் சில்லு வழுக்கத்தான் செய்யும். உள்ள இருக்கற சதைதான் புடிக்கோணும். மொதல்ல நீங்க கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க."

வீக்கம் மெல்ல வடிந்தது. மாரப்பன் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டான். இப்போது மூவருக்கும் தரையில்தான் படுக்கை. டைல்ஸ் முழுக்க ரப்பர் விரிப்பு. பிஸ்கோத்து டப்பா அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. மாலையில் வேலை விட்டு வந்ததும், கோமளா கயிற்றைத் தளரப் பிடித்துச் சுக்குவை மெதுவாக நடத்துகிறாள்.

சில்லு இன்றைக்கும் வழுக்கத்தான் செய்கிறது. சுக்கு காலைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றுவிடும். குனிந்து பிடிக்கப் பரபரக்கும் கையைக் கோமளா முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

"உதறு கண்ணு" என்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "நீயே உதறு."