ஜீப்பின் முன் நின்ற குடம்

ஒரு சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை மக்கள் வாய்மொழியாகத் திரட்டுபவருக்கு உறுப்பினர்களின் பெயர்களால் தொல்லையில்லை. அவர்கள் ஊருக்கு வந்து போன கதைகளால்தான் தொல்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு வெயிலில் அலைந்த அன்பர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

எந்த ஊரில் நின்றது?

மண்ணூரை ஒட்டிய ஊர்களில் ஒரு கதை வழங்குகிறது. தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்த காலத்தில் சட்டமன்ற உறுப்பினரின் ஜீப்பை யாரோ மறித்தார்கள். அதன் பிறகு அடிபம்பு வந்தது. மறித்தவர் யார் என்பதில்தான் பேதம். ஓர் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர், அடுத்த ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், இன்னோர் ஊரில் ஒரு காளை மாடு.

டீக்கடையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் என் சங்கடத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லா ஊர்லயும் நின்னுக்கினே இருந்தா, அந்த ஜீப்பு எப்ப சார் அசெம்ப்ளிக்குப் போய் சேர்றது?"

துளசியின் குடம்

மறித்தது தம் மனைவி துளசி என்று சொன்னவர் முருகேசன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். துளசி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் முதலில் சொன்னபோது, துளசி காலிக் குடத்தோடு ஜீப்பின் முன் நின்றாள்; பேசவில்லை. அடுத்த ஆண்டு சரிபார்க்கச் சென்றேன். இப்போது அவள், "இந்தக் கொடத்துக்கு இன்னா பதில் சொல்றீங்க?" என்று கேட்டிருந்தாள்.

முன்பு இது இல்லையே என்றேன். அவர் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். "அவ பேசுனது புக்ல வந்துடும் இல்ல சார்?"

மூன்றாம் முறை

மூன்றாம் முறை துளசி உறுப்பினரை நிறுத்தி வைத்தே கேட்டாள்: ஏரி மதகு ஏன் பழுது, காலனிப் பக்கம் ஏன் ஓட்டுக்கு மட்டும் வருகிறீர்கள், அடுத்த முறை எந்த முகத்தோடு வருவீர்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த மருமகள் உள்ளேயிருந்து சிரித்தாள்: "அத்தை அடுத்த எலெக்‌ஷன்ல நின்னுடுவாங்க போல கீது, மாமா."

நூல் அச்சுக்குப் போக வேண்டும். எதைச் சேர்ப்பது என்று தெரிய வேண்டும். உண்மையில் அன்று துளசி பேசினாரா என்று கேட்டேன். முருகேசன் இம்முறை சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை.

"ஒரே கூச்சல் சார். எம்.எல்.ஏ. கொடத்த மட்டும் பார்த்தாரு, பம்பு போடச் சொல்லிட்டு கெளம்பிட்டாரு. இவ வாயத் தொறக்கவே இல்ல. ஆனா வூடு வந்து சேர்ற வரைக்கும் எங்கிட்ட கேட்டுக்கினே வந்தா. அத்தனையும் அவருகிட்ட கேக்க வேண்டியது. எனக்கு ஞாபகம் வர வர சொல்றேன், அவ்ளோதான்."

அவர் சொன்ன மூன்று வடிவங்களையும் சொல்லப்பட்ட வரிசையிலேயே நூலில் சேர்த்துவிட்டேன். தொகுதியின் சார்பில் பேசியவர்கள் பலர், துளசியின் சார்பில் பேசியவர் முருகேசன் ஒருவர்தான், அவரை யாரும் தேர்தலில் நிறுத்தவில்லை.