இரண்டாம் முறையும் வராத புயல்

எனக்குப் பதினொரு வயதானபோது எங்கள் ஊருக்கு ஒரு புயல் வரவில்லை. வராத புயலோடு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது என்பதால், ஊர் முழுவதும் என் சின்னம்மாவோடு கோபித்துக்கொண்டது. அதற்கு முந்திய வருடமும் அப்படித்தான் ஒரு புயல் வராமல் போயிருந்தது.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. சாம்பல்தீவுப் பக்கத்தில் கடலோரமாக இருந்த எங்கள் வீட்டில், எங்களோடேயே இருந்தார். காலையில் பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். புயல், வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று பட்டினத்து ஓர்ஸ் ஹில்லில் நடந்த அனர்த்தப் பயிற்சிக்கு எங்கள் ஊரிலிருந்து ஆறு பேர் போனார்கள். மற்ற ஐந்து பேரும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். சின்னம்மா மட்டும் ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தார். அதனால் எச்சரிக்கை சொல்பவருக்கான மஞ்சள் அங்கியும் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்புக்கு வந்தன.

முதல் முறை எச்சரிக்கை வந்தபோது, ஊரையே கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் இருத்தினார். புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. எங்களுக்குக் கொடியில் கிடந்த உடுப்பு நனையுமளவுக்குக்கூட மழை பெய்யவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் 'புயல் ரீச்சர்' என்று பெயர். வகுப்பில் யாராவது தும்மினாலும், பொடியன்கள் என்னைப் பார்த்துவிட்டு, "புயல்! புயல்!" என்று மேசைக்கடியில் ஒளிப்பார்கள். ஒரு முறை எங்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த ஆசிரியரும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாரியில், பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு நாள், மறுபடியும் எச்சரிக்கை வந்தது. அன்று இரவு புயல் கரை கடக்கலாம் என்றார்கள். சின்னம்மா விடிந்ததும் பட்டினத்துக்குப் போய், புயல் வரும் வழியைக் காட்டும் படமொன்றை அச்செடுத்து வந்து, கடற்கரை வாடிச் சுவரில் ஒட்டினார். மீன்பிடிக் கொட்டகையான அந்த வாடி, நான்கு படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருடையது. படத்தில் கடலிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு முல்லைத்தீவில் முடிந்தது. கோட்டின் இரு பக்கமும் புனல்போல ஒரு வெள்ளைப் பரப்பு விரிந்து, மட்டக்களப்பிலிருந்து பருத்தித்துறை வரைக்கும், எங்கள் ஊரையும் சேர்த்து, விழுங்கியிருந்தது.

"ரீச்சர், கோடு எங்கட ஊருக்கு வரேல்லையே" என்றார் சம்மாட்டியார்.

"கோட்டைப் பாக்காதீங்கோ. இந்த வெள்ளைக்குள்ள எங்கையும் அது வரலாம்."

"எங்கையும் வரலாமெண்டு சொல்லுறதுக்கு என்னத்துக்குப் படம்? அதை நானும் சொல்லுவன்."

வாடியே சிரித்தது. இன்று என் கைபேசிக்கு வரும் படங்களில் அந்தப் புனல் எவ்வளவோ மெலிந்துவிட்டது. அன்று அது ஊர்ச்சிரிப்புக்குப் போதுமான அகலத்தில் இருந்தது. நான் கூட்டத்திலிருந்து நழுவி வீட்டுக்கு ஓடினேன். ஒலிபெருக்கியைத் திறந்து, அதிலிருந்த எட்டுப் பற்றறிகளையும் எடுத்து என் புத்தகப் பைக்குள் போட்டேன். சத்தம் இல்லையென்றால் சின்னம்மா வீட்டில் இருந்துவிடுவார் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் வந்த சின்னம்மா ஒலிபெருக்கியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். திறந்தும் பார்த்தார். அதை அப்படியே தன் பையில் போட்டார். பள்ளிக்கூட அதிபருக்குத் தொலைபேசி எடுத்தார். அதிபர் பட்டினத்தில் இருந்தார். போன முறை சனம் வகுப்பறைகளில் அடுப்பு மூட்டிச் சுவரெல்லாம் கரியாக்கியதை அவர் மறக்கவில்லை. கடிதம் இல்லாமல் பூட்டுத் திறப்பைத் தர ஏலாது என்றார். சின்னம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, அப்பா வேலிக்கட்டைக்குக் குழி தோண்டுகிற அலவாங்கைத் தோளில் தூக்கினார்.

"என்ன செய்யப் போறாய்?" என்றார் அப்பா.

"பூட்டை உடைக்கப் போறன், அத்தான்."

"உன்ரை வேலை போயிடும்."

"போகட்டும்."

அப்பா அவரைத் தடுக்கவில்லை, கூடப் போகவுமில்லை. பூட்டு மூன்றாவது நெம்பலில் கழன்று விழுந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதன்பிறகு சின்னம்மா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். மத்தியானம் நான் அம்மாவோடு பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். காற்று இல்லை, கடல் மட்டும் பழுப்பாகக் கிடந்தது. மூன்று மணிபோல சின்னம்மா தண்ணீர் குடிக்க வந்து உட்கார்ந்தார். முழங்கால் வரை சேறு. வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கடற்கரை வீட்டு வரிசை முழுவதும் மிச்சம் கிடக்கிறது என்று அம்மாவுக்குக் கையால் காட்டினார். சின்னம்மாவை அப்படி நான் முன்பு கண்டதில்லை. என் பையைத் திறந்து பற்றறிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெக்கமா இருந்ததோ?" என்று மூச்சால் கேட்டார்.

"ஓம்."

"இருக்கட்டும். வெக்கத்தோட வா."

குரல் இல்லாதவருக்கு ஒலிபெருக்கி எதற்கு? அது என் கைக்கு வந்தது. மஞ்சள் அங்கியையும் எனக்கே போட்டுவிட்டார். அது கணுக்கால் வரை தொங்கியது. வாடிக்கு முன்னால் போய் நின்று, "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகை ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

"குட்டிப் புயலும் வந்திட்டுது!" என்றார் சம்மாட்டியார்.

ஆனால் அவருடைய மனைவி வாடியை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளேயிருந்து கைக்குழந்தையோடு வந்தார். "அழுகிற பிள்ளையைப் பாத்துச் சிரிக்கிற ஆளோட நான் இருக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அவரைப் பார்த்து அடுத்த வீடும், அதைப் பார்த்து அதற்கடுத்த வீடும் கிளம்பின. இருட்டும்போது சம்மாட்டியாரும் வந்து, யாரையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடிந்தபோது வெயில் எறித்தது. புயல் மறுபடியும் வடக்கே போயிருந்தது. ஒருவருடைய கோழி காணாமல் போனது, இன்னொருவருடைய ஒரு நாள் தொழில் கெட்டது, எல்லாவற்றுக்கும் சின்னம்மாவே காரணம். அந்த நேரம் பார்த்து அதிபரும் வந்து சேர்ந்தார். உடைந்த பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆரைக் கேட்டு உடைச்சனீங்கள்?" என்றார்.

சின்னம்மா பதில் சொன்னார். ஆனால் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஏசிக்கொண்டிருந்த சனம், அவர் என்ன சொல்கிறார் என்று அறிவதற்காகவே வாயை மூட வேண்டியதாயிற்று. நானும் கிட்டப் போனேன்.

"ஒருத்தரையும் கேக்கேல்லை, சேர்" என்றார் காற்றுக் குரலில். "ஏழு வயசில இதே கதவைத் தம்பியோட வந்து தட்டினனான். அண்டைக்கு றேடியோவில பலத்த காத்து எண்டு மட்டும்தான் சொன்னவை. பூட்டியிருந்தது. தம்பியை அடுத்த நாள்தான் கண்டெடுத்தவை."

அதிபர் பூட்டைக் கீழே வைத்தார். பிறகு, "ஆனா இப்ப புயல் வரேல்லைத்தானே, ரீச்சர்" என்றார், முன்பைவிட மெதுவாக.

"வரேல்லை. போன முறையும் வரேல்லை. அடுத்த முறை வரும் எண்டு வானிலைக்காரர் சொன்னா, அடுத்த முறையும் கூப்பிடுவன். பூட்டியிருந்தா அடுத்த முறையும் உடைப்பன். நான்தான் உடைச்சனான் எண்டு எழுதிக் குடுங்கோ, சேர், கையெழுத்து வைச்சுத் தாறன்."

அதிபர் எழுதிக் கொடுத்தார், சின்னம்மா கையெழுத்தும் வைத்தார். மஞ்சள் அங்கியை அன்றே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு சின்னம்மா வாசலுக்குப் போய் நின்றார். வெளியேறிய ஒவ்வொருவரையும் விரலால் தொட்டு எண்ணினார். ஏசிக்கொண்டு போனவர்களையும் தொட்டார். சம்மாட்டியார் விலகி நடக்கப் பார்த்தார். எட்டி அவர் தோளிலும் ஒரு விரலை வைத்தார். குழந்தைகளைச் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் நாள் பதிவுக் கொப்பியிலும் அதே எண்தான். சின்னம்மா கொப்பியை மூடிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, சத்தமே வராமல் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரே காறித் துப்பிவிட்டுப் போகிறது, இவர் என்னத்தைக் கண்டு சிரிக்கிறார்? தெளிந்து கிடந்த வானத்தை நிமிர்ந்து பார்த்தேன். இனியாவது அந்தப் புயல் திரும்பி வரட்டும், வந்து எங்கள் வீட்டுக் கூரையையாவது தூக்கிக்கொண்டு போகட்டும் என்று, கையெடுத்துக் கும்பிட்டு, மனதார வேண்டிக்கொண்டேன்.