ரிவர்ஸ்டனில் ஒரு தலை குறைந்தது

நனைந்த பூனையின் மயிர், டீசல், முந்தின கிழமை யாரோ ஒரு பிள்ளை வாந்தியெடுத்த இடத்தில் ஊற்றிக் கழுவிய பினாயில், இவற்றின் மேல் வறுத்த மாசிக் கருவாடு. எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது வந்த ஆகஸ்ட் விடுமுறையின் மணம் இதுதான். நல்ல மணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளில் ஏறி இறங்கியும் அந்த மணம் எங்கேயும் கிடைக்கவில்லை.

எங்கள் வாப்பா உக்குவளையிலிருந்து மாத்தளைப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ‘ஸ்கூல் வேன்’காரர். பத்தொன்பது பிள்ளைகள். அந்தப் பத்தொன்பது பேரையும் காலையிலும் பகலிலும் வண்டியை எடுப்பதற்கு முன் தலை தலையாக எண்ணுவார். கண்ணாடியில் பார்த்து எண்ணுவதில்லை. இறங்கி வந்து, இழுவைக் கதவைப் பிடித்துக்கொண்டு, விரலை ஆட்டி ஆட்டி எண்ணி, தொகை சரிவந்தால்தான் “சரி, பிஸ்மில்லாஹ்” என்று சாவியைத் திருப்புவார். ஒரு தலை குறைந்தாலும் வேன் நகராது, பின்னால் பஸ்காரன் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் நகராது. உம்மாவும் நானும் மட்டும் ஏறிச் சந்தைக்குப் போகும் நாளிலும் கதவடியில் நின்று “ஒண்ணு, ரெண்டு, நான் மூணு” என்பார். “இந்த மனுசனுக்குப் பைத்தியம்” என்று உம்மா சந்தை வரைக்கும் முணுமுணுப்பார்.

அந்த ஆகஸ்டில் எங்களுக்கு வீடு இல்லாமல் போனது. இப்போது இதை ஒரு வரியில் எழுத முடிகிறது. அப்போது யாரும் என்னிடம் இப்படிச் சொல்லவில்லை. நாங்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்கார ஹாஜியாரின் இளைய மகளுக்குக் கலியாணம் சரிவந்தது; பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம் என்பதால் அந்த வீடு அவளுக்குப் போனது. ஹாஜியார் கண்ணியமான மனிதர், ஆறு மாதத்துக்கு முந்தியே சொல்லியிருந்தார். பலாபத்வலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடுதான் எங்களை ஏமாற்றியது. ‘மேசன் பாஸ்’ தச்சனைக் குற்றம் சொன்னார், தச்சன் மழையைக் குற்றம் சொன்னார், மழை யாரையும் குற்றம் சொல்லாமல் கூரையில்லாத சுவர்களுக்குள் பெய்துகொண்டிருந்தது. சாமான்களை ஹாஜியாரின் களஞ்சியத்தில் அடுக்கியாயிற்று. ஆட்கள் இரண்டு கிழமைக்கு எங்கே அடங்குவது? மாத்தளையில் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, வா வா என்றுதான் கூப்பிட்டார். “விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். நாலாம் நாள் அவள்ட மாப்புள்ளட மொகத்த நான் பாக்கணுமா?” என்று உம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது, வீடு விட்டு எங்கே போகிறீர்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்டவரின் வாயை அடைப்பதற்காக, “லீவுதானே, புள்ளயக் கூட்டிட்டு மலப் பக்கம் ஒரு ட்ரிப் போறோம்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. மாலை அஸர் தொழுகைக்குள் ஒரு வீட்டிலிருந்து இனிப்புத் தொதல் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து போத்தல் நிறைய மாசி வந்தது, மூன்றாவது வீட்டார் குளிருக்கென்று ஒரு கம்பளியையே கொண்டுவந்து கொடுத்து, “அல்லா காவல், பத்திரமாப் போய்ட்டு வாங்க” என்று எங்களுக்காகத் துஆவும் கேட்டுப் போனார்கள். இத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு போகாமல் இருக்க முடியுமா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட வாப்பா அன்றே ‘ஸ்பேனரை’ எடுத்துக்கொண்டு வேனின் ஆசனங்களைக் கழற்றத் தொடங்கினார். ஆசனம் இருந்த இடத்தில் பலகையடித்து மெத்தை விரித்தார். உம்மாவின் பழைய சாரி இரண்டு திரைச்சீலையாயின. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றும் தண்ணீர்க் கேன் இரண்டும் பின்கதவடியில் இடம்பிடித்தன.

மிச்சமிருந்தது கறுவா. கறுவாப்பட்டையின் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். அந்த வீட்டுக் களஞ்சியத்தில் சாக்குக்குள் பிறந்து, என் பாயில் படுத்து வளர்ந்த பூனை. அவளைக் கூட்டிப்போவதில்லை என்பது உம்மாவின் தீர்ப்பு. “நாய்தான் மனுசனுக்கு. பூன வீட்டுக்கு. தூக்கிட்டுப் போனா பழைய வீட்டத் தேடித் திரும்பி நடக்கும், வழியில செத்தா அந்தக் குத்தம் எங்க தலையில. புதுப் பொண்ணுக்கு எலி புடிச்சிக் குடுத்துட்டு இங்கேயே ஈக்கட்டும்.” நான் அழவில்லை. அழுதால் உம்மாவுக்கு இன்னும் பிடிவாதம் வரும் என்று எனக்குத் தெரியும். மூடி போட்ட உடுப்புக் கூடைக்குள் என் சட்டைகளுக்கு மேல் அவளை வைத்து மூடி, நல்ல பிள்ளையாக ஏறி உட்கார்ந்துகொண்டேன். வாப்பா கதவடியில் நின்று எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, நான் மூணு.” கூடை கத்தியது. வாப்பா என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். “நாலு. பிஸ்மில்லாஹ்” என்று போய்ச் சாவியைத் திருப்பினார். உம்மா மாத்தளை தாண்டும் வரை எங்கள் இரண்டு பேருடனும் பேசவில்லை.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வரைக்கும் கறுவா ஒரு வளைவு விடாமல் கத்தினாள். அதற்கு மேல் பாதை ஒடுங்கி, ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் பள்ளமுமாக ஏறத் தொடங்கியதும் ஏனோ வாயடைத்து, கூடையிலிருந்து வெளியே வந்து, வாப்பாவின் முன்னால் ‘டாஷ்போர்டில்’ ஏறிப் படுத்துக்கொண்டாள். பாடசாலைப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருந்த அந்த இடம் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து கதகதப்பாக இருக்கும். முதல் இரண்டு இரவுகளை ஓர் அருவிக்கருகே கழித்தோம். காலையில் பால் இல்லாத தேநீரும் தொதலும், பகலில் பருப்பும் சோறும். உம்மா அருவியில் துணி துவைத்துச் சாரித் திரைக்குப் பக்கத்திலேயே காயப்போட்டார். நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பெரியவர்கள் இருவரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் யோசித்தேன்.

மூன்றாம் நாள் பகல் ரிவர்ஸ்டன் ஏறினோம். மலை முடியும் இடத்தில் பாதை ஒரு வாசல் போலத் திறக்கும். காற்று வேனைப் பிடித்து ஆட்டும். ஓர் ஓரத்தில் நிறுத்தித் தேநீர் வைக்க உம்மா கதவை இழுத்தார். மூடுபனி உள்ளே வந்தது, கறுவா வெளியே போனாள். ஒரு பாய்ச்சல்தான். கூப்பிடுவதற்குள் புல்லும் இல்லை, பூனையும் இல்லை, எல்லாம் வெள்ளை.

தேநீர் ஆறியது. வாப்பா கதவடியில் வந்து நின்று எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, நான் மூணு.” பிறகு நின்ற இடத்திலேயே நின்றார். அந்த வேளையில் வன அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, இந்தக் காற்றில் இங்கே வேனை நிறுத்தி வைக்க முடியாது, எடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். வாப்பா, பத்து வருடமாகப் பஸ்காரர்களுக்கும் பொலிஸ்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனத்தையே அவருக்கும் சொன்னார்: “ளமயெக் அடுய், மஹத்தயா.” ஒரு பிள்ளை குறைகிறது, ஐயா.

அந்த மனிதரின் முகத்தில் இரத்தம் வற்றியதைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினார், விசிலடித்தார், கீழே பாதை வேலை செய்துகொண்டிருந்த நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோருமாகப் பனிக்குள் இறங்கி, காணாமல் போனது என் தங்கச்சி என்று நினைத்து, “நங்கீ, நங்கீ” என்று கூவத் தொடங்கினார்கள். வாப்பாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் வாயைத் திறக்கவில்லை. “அட அல்லாவே, சொல்லுங்களேன்” என்று உம்மா அவர் கையைக் கிள்ளினார். “தேடட்டும். ஆறு பேர் தேடினாக் கெடைக்கும்” என்றார் வாப்பா, மெதுவாக. அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த விடுமுறையில்தான், அதுவும் இரண்டு முறை.

கடைசியில் உண்மையைச் சொன்னது உம்மாதான். “பூசெக்த?” என்று அதிகாரி இரண்டு தரம் கேட்டார். பூனையா? பாதை வேலையாட்களில் ஒருவர் சிரித்துவிட்டார், அதிகாரி சிரிக்கவில்லை. தனக்கும் இந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று என்னைக் காட்டிச் சொல்லி, வாப்பாவை நன்றாக ஏசினார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். ஏசி முடித்த மனிதர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பாய், அடுப்பு, காயும் துணி, சட்டி முட்டி, மூலையில் மடித்த தொழுகைப் பாய். ட்ரிப் வந்தவர்களின் வண்டியில் அம்மியும் குழவியும் இருக்காது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, காலையில் எடுத்துவிட வேண்டும், வேன் உருளாமல் சில்லுகளுக்குக் கல் வையுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வாப்பா, கொஞ்சம் கீழே இறக்கித் தேடிப் பார்ப்போமா என்று சாவியை எடுத்தார். உம்மா தடுத்தார். “ஒரு அடி அசைக்காதீங்க. பூன ஆளத் தேடாது, எடத்தத்தான் தேடும். வேன் இங்கேயே நிக்கட்டும்.” சொல்லிவிட்டு, ஊரார் கொடுத்த மாசிப் போத்தலைத் திறந்து, பாதியைச் சட்டியில் கொட்டி வறுக்கத் தொடங்கினார். காற்று அடுப்பை இரண்டு முறை அணைத்தது. இரண்டு முறையும் கம்பளியால் மறைத்துப் பற்றவைத்தார். அவள் உக்குவளைக்குத்தான் நடக்கிறாள், நீங்கள் சொன்னது சரிதான் உம்மா என்று நான் அழுதேன். உம்மா சட்டியைக் கிளறிக்கொண்டே, “நடந்தா நடக்கட்டும் மகள். அதுக்காவது போறதுக்கு ஒரு வீடு ஈக்குதே” என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இது ட்ரிப் இல்லை என்று எனக்கு விளங்கியது அந்தச் சட்டிக்குப் பக்கத்தில்தான்.

விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு வாப்பா கதவைத் திறந்தபோது கறுவா படியில் இருந்தாள். தெப்பமாக நனைந்து, காதில் ஓர் அட்டையோடு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து டாஷ்போர்டில் ஏறிப் படுத்தாள். உம்மா அட்டைக்கு உப்பு வைத்தார். வாப்பா தொழுதுவிட்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக நாலு வரை எண்ணினார்.

அதன் பிறகு பித்தவலைப் புல்வெளி, இலுக்கும்புர, பழைய பல்லேகமக் கடைத்தெரு, ஆற்றுக் குளியல் என்று சுற்றி, நாவுல வழியாகப் பலாபத்வலைக்கு வந்து சேர்ந்தோம். கூரை பாதி போட்டிருந்தது. நாங்கள் பாதிக் கூரைக்குக் கீழே குடியேறினோம், கறுவா குடியேறவில்லை. சோற்றுக்கு வீட்டுக்கு வருவாள், படுக்கைக்கு வேனுக்குப் போய்விடுவாள். ஆசனங்கள் திரும்பப் பூட்டப்பட்டு, பாடசாலை தொடங்கி, பத்தொன்பது பிள்ளைகளோடு இருபதாவதாக அவளும் மாத்தளைக்குப் போய் வந்தாள். இரண்டு வருடம் கழித்து வாப்பா அந்த வேனை நாவுலையில் ஒரு மரக்கறி வியாபாரிக்கு விற்றார். அன்றைக்கு அவளை அறைக்குள் பூட்டி வைத்தோம். எப்படி வெளியே வந்தாளோ தெரியாது, பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறாள் என்று நாவுலையிலிருந்து தகவல் வந்தது. வாப்பா கூடையோடு பஸ்ஸேறிப் போய், வெறுங்கூடையோடு திரும்பினார். “டாஷ்போர்ட்ல நல்லாத் தூங்குறா. அவட வீட்டுல அவ ஈக்கிறா, நான் எப்புடித் தூக்குற? வண்டி எடுக்க முந்தி எண்ணிப் பாருங்கன்னு அந்த ஆளுக்குச் சொல்லிட்டு வந்தீக்கிறேன்.” நான் ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

போன மாதம் அதே பாதையில் போனேன். வாடகைக்கு எடுத்த கேம்பர் வேன், உள்ளே சின்னக் குளிர்சாதனப் பெட்டி, விரித்தால் கூடாரமாகும் மேற்கூரை. கூட வந்தவர்கள் உம்மாவும் என் மகளும். வாப்பா மௌத்தாகி எட்டு மாதமாகியிருந்தது. கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த பிறகும் உம்மா வாசலைத் தாண்டவில்லை என்பதால்தான் இந்தப் பயணம். பாதை அகலமாகிவிட்டது. ரிவர்ஸ்டனில் நாங்கள் நின்ற ஓரத்தில் இப்போது கோப்பிக் கடை இருக்கிறது, படமெடுப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பல்லேகமக் கடைத்தெரு நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது. ஸ்கூல் வேனில் குடியிருந்த கதையை மகள் நம்பவில்லை, உம்மா சாட்சி சொன்ன பிறகும் நம்பவில்லை.

தேநீர் குடித்துவிட்டு ஏறினோம். நான் இழுவைக் கதவைப் பிடித்துக்கொண்டு, என்னை அறியாமலேயே, எண்ணினேன். ஒன்று, இரண்டு, நான் மூன்று. பனி அன்றைக்குப் போலவே பாதையை மூடியிருந்தது. கதவைச் சாத்தக் கை வரவில்லை. உள்ளேயிருந்து உம்மா என் கையை மெல்லத் தட்டினார்.

“சாத்துங்க மகள்” என்றார். “இனி வாறதுக்கு ஆள் இல்ல. வேன எடுங்க.”