கழற்ற வந்தவள்

“அங்க இன்னிக்கு என்ன சமையல்?”

மலை முகாமில் டிஷ்ஷை வானத்துப் பக்கம் திருப்பி, தொடர்பு கிடைத்த கையோடு எதெல்வினா சோக்கே போனில் கேட்பது இதைத்தான். கீழே அரெக்கிப்பா நகரத்து அலுவலகத்தில் எடுப்பவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். “இறால் சூப்பா? இன்னொருவாட்டி சொல்லு. நடுவுல ‘றா’வ முழுங்கிடுச்சு,” என்பாள். சூப்பு முழுசாக வந்து சேர்ந்தால்தான் ஏணியை விட்டு இறங்குவாள்.

தாமிரம் தேடும் கம்பெனிகள் மலையுச்சியில் கூடாரம் போட்டால் போனும் இணையமும் கொண்டுவருபவள் அவள். தாமிரம் இல்லையென்று அவர்கள் மூட்டை கட்டினால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகிறவளும் அவளே. குள்ளமான உருவம். ஒரு கன்னம் எப்போதும் மலைக்களைப்புக்கு மெல்லும் கோகா இலையால் உப்பியிருக்கும். டிஷ்ஷின் முதுகில் எந்தப் பறவை என்ன கட்டியிருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் கைவைக்கமாட்டாள்.

“மாட்ட வந்தா ஆட்ட அடிச்சு விருந்து வைக்கிறானுங்க. கழட்ட வந்தா நாய்கூட மூஞ்சியத் திருப்பிக்குது,” என்று லாரி ஓட்டும் எலெயுதேரியோவிடம் குறைப்படுவாள்.

“ரெண்டு தடவையும் அதே மூஞ்சியத்தானக்கா கொண்டுபோற?” என்பான் அவன்.

போன மாதம் அப்படி ஒரு முகாமைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டிஷ் லாரியில் ஏறிவிட்டது. வேலிக்கு வெளியிலிருந்து, லாமா மந்தை மேய்க்கும் சத்துர்னினா போனை ஆட்டியபடி ஓடிவந்தாள். தூரத்து இக்கா ஊரில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் மகனோடு முகாமின் வைஃபையில்தான் அவள் பேசிவந்தாள்.

“மருமகளுக்கு வலி எடுத்துருச்சுன்னு சொல்லிட்டே இருந்தான், அறுந்துபோச்சு! என்ன பண்ணித் தொலைச்ச, இன்ஜினியரம்மா?”

“கம்பெனியே இணைப்ப நிறுத்திட்டாங்கம்மா. இனி நான் மாட்டினாலும் வராது.”

“அப்ப நான் யாரக் கேப்பேன்?”

எதெல்வினா சுற்றிலும் பார்த்தாள். கிழக்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு.

“அதுக்கு அந்தாண்ட என்னம்மா இருக்கு?”

“ஊரு. நடந்தா ஒரு நாளு.”

“டவர் இருக்கா?”

“சர்ச்சுக்குப் பின்னால நெட்டையா ஒண்ணு நிக்குது.”

போனை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதெல்வினா சரிவில் ஏறத் தொடங்கினாள். சத்துர்னினா பின்னால் ஓடினாள். கீழே எலெயுதேரியோ ஹாரனை அமுக்கினான். “அக்கா! கணவாயில பனி விழுந்தா ராத்திரி லாரியிலதான்!”

“விழட்டும்டா!”

ஒரு பாறையில் ஏறியதும் போனில் சிக்னல் கோடு தெரிந்தது, போனது. வலப்பக்கம் நகர்ந்தாள். இல்லை. நாலடி மேலே போய்த் திரும்பியபோது ஒற்றைக் கோடு வந்து நின்றது. சத்துர்னினாவின் தோளைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தி, மகனைக் கூப்பிட்டு, போனை அவள் காதில் வைத்தாள். மணி அடித்தது.

“தம்பி! ... உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? ... இன்னும் ஆகலையா?” சத்துர்னினா பதற்றத்தில் ஓரடி நகர்ந்தாள். “ஐயோ, குரல் போகுது!”

“நகராதம்மா! பழைய இடத்துலயே நில்லு!”

குரல் திரும்ப வந்தது. “சாயங்காலம் திரும்பக் கூப்பிடச் சொல்றான். அப்ப இந்த இடத்த எங்கன்னு தேடுவேன்?”

கீழே ஹாரன் விடாமல் அலறியது. எதெல்வினா மண்டியிட்டு, கைக்கெட்டிய கற்களை எடுத்து, பேசிக்கொண்டிருப்பவளின் டயர்ச் செருப்புகளைச் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.