ஆறாம் வகுப்புக்கு அடித்த துக்க மணி

ஏலக்காய் எடுக்கிற மாதங்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவது பெஞ்சுகள் மட்டும்தான். பிள்ளைகள் தாய்மாரோடு ஏலக்காட்டுக்குள் போய்விடும். அப்படி ஒரு நாள் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஐம்பதுகளில் நடந்தது இது. கேரள எல்லையில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில், ஒரு சேவைச் சங்கம் நடத்திய சின்ன கத்தோலிக்க மிடில் ஸ்கூல். நான் புது வாத்தியார். ஆறாம் வகுப்பும் என்னைப் போலவே புதுசு. ஆள் இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான். அப்புறம் ஐந்தாவது முடித்த பிள்ளைக்கு இடுப்பில் கூடைதான்.

இன்ஸ்பெக்டர் வகுப்பை எட்டிப் பார்த்தார். "பெஞ்சு கொள்ளாம். குட்டிகள் எவிடே?" பெஞ்சு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்.

தலைமையாசிரியை மதர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "மணி அடிச்சா வந்துருவாங்க சார்."

"அப்ப அடிங்க," என்றார் மதர். என்னைப் பார்த்த பார்வையில் ஜெபம் எதுவும் இல்லை.

பக்கத்து மாதா கோயில் மணிதான் எங்களுக்குப் பள்ளி மணி. பள்ளிக்கு என்றால் விடாமல் கடகடவென்று அடிக்க வேண்டும். நானோ, ஒரு இழு இழுப்பேன், இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்ப்பேன். மறுபடி ஒரு இழு, மறுபடி முகம். நிறுத்தி நிறுத்தி ஒற்றை ஒற்றையாக மணி விழுந்தது. அது சாவுக்கு அடிக்கிற மணி என்பது, மலைச்சரிவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் ஓடி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பின்னாலேயே பிள்ளைகள். அதற்கும் பின்னால் திட்டிக்கொண்டே கங்காணி.

முன்னால் வந்தவள் ஆரோக்கியம். மகள் செபஸ்தி ஆறாம் வகுப்பு. "யாரு சார் போயிட்டாக?"

"இன்னும் யாரும் போகல," என்றேன். "நான்தான் போற மாதிரி இருக்கேன்."

"வெளையாட்டா சார் இது? ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

மதர் குறுக்கே வந்தார். "யாரும் சாகலம்மா. பிள்ளைங்க வரலன்னா ஆறாங் கிளாஸை மூடிருவாங்க. அதைப் பார்க்கத்தான் இவர் வந்திருக்கார்."

ஆரோக்கியம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதை முன்னமே சொல்றதுக்கு என்ன? நாங்க காய் முடிஞ்சு அனுப்பிக்கலாம்னுல்ல இருந்தோம்." செபஸ்தியின் இடுப்புக் கூடையை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். "போய் உக்காரு." மற்ற தாய்மாரும் ஒவ்வொருத்தியாகக் கூடையை அவிழ்த்தார்கள். கங்காணி திட்டுவதை விட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பினார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். "அடுத்த மாசம் ஞான் வரும். அப்ப மணி அடிக்கண்டா." மணி அடிக்க வேண்டாமாம்.

வந்தார். பெஞ்சு நிறைந்திருந்தது.

புதிதாகப் பள்ளி வேலைக்கு வருகிறவர்களே, பிள்ளை ஏன் வரவில்லை என்று வகுப்பில் உட்கார்ந்து புலம்பாதீர்கள். அவள் அம்மாவிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். வருஷம் பூரா நான் செய்யாத வேலை அது. மணிக்கயிற்றை மட்டும், நான் அங்கே இருந்தவரை மதர் என்னிடம் கொடுக்கவே இல்லை.